சிறு பறவையின் உடலைப் படிப்பது எப்படி: காலில் தொடங்கி அலகில் முடியும் வழிகாட்டி

சிறு பறவை எதைத் தின்னும் என்று கேட்டால் எல்லோருடைய கண்ணும் முதலில் அலகுக்குத்தான் போகிறது. தடித்த அலகு விதைக்கு, வளைந்த அலகு தேனுக்கு, மெல்லிய அலகு பூச்சிக்கு. பள்ளிப் பாடத்துக்கு இது போதும். தோட்டத்தில் நின்று பார்க்கிறவரை இது பாதி வழியில் விட்டுவிடும். தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, குளிர்காலத்தில் வரும் நாணல் கதிர்க்குருவி ஆகிய மூன்றுக்கும் கூரான, மெலிந்த அலகு. மூன்றும் பூச்சி தின்பவை. ஆனால் தையல்சிட்டு இடுப்புயரச் செடிக்குள் தத்தித் திரியும், மாம்பழச்சிட்டு வேம்பின் உச்சி இலைகளில் தலைகீழாக எட்டும், நாணல் கதிர்க்குருவி அடர்ந்த புதருக்குள் ஒளிந்தே இரை தேடும். இந்த வேறுபாட்டை அலகை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

1958-இல் சூழலியலாளர் ராபர்ட் மெக்கார்தர் இதையே அமெரிக்காவின் வடகிழக்கில் காட்டினார். ஸ்ப்ரூஸ் மரக் காடுகளில் ஒன்றாக வாழும் ஐந்து கதிர்க்குருவி இனங்களை அவர் கவனித்தார். உருவத்திலும் அலகிலும் அவை ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஒரே மரத்தில் ஒன்று உச்சியின் வெளிநுனியிலும், மற்றொன்று நடுப்பகுதியிலும், இன்னொன்று தாழ்ந்த கிளைகளின் உட்புறத்திலும் பெரும்பாலான நேரத்தைக் கழித்தன. இரை தேட அசையும் முறையும் இனத்துக்கு இனம் மாறியது.

ஆகவே கீழே சொல்லும் முறை வழக்கத்துக்கு நேர்மாறானது. முதலில் கால், பிறகு இறக்கையும் வாலும், கடைசியில்தான் அலகு. இரை இருக்கும் இடத்துக்குப் பறவையைக் கொண்டுசேர்ப்பவை காலும் இறக்கையும். சேர்ந்த பிறகு நடப்பதுதான் அலகின் வேலை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் வீட்டுத் தோட்டத்திலும் வயலோரத்திலும் பார்க்கக்கூடியவை.

என்னென்ன வேண்டும்

8×42 அல்லது 8×32 அளவுள்ள இருநோக்கி நல்லது. 10 மடங்கு உருப்பெருக்கம் உள்ளவற்றில் கை நடுக்கம் கூடும், பார்வைப் பரப்பு சுருங்கும். நிற்காமல் துள்ளும் கதிர்க்குருவியைப் பின்தொடர்வது கடினம். வாங்கும்போது மிகக் குறைந்த குவியத் தொலைவைக் கேளுங்கள். 2 மீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால், பக்கத்துச் செம்பருத்தியில் தொங்கும் தேன்சிட்டும் தெளிவாக விழும். கோடு போட்ட குறிப்பேடு, பென்சில், நொடி காட்டும் கடிகாரம், 2 மீட்டர் கம்பு ஒன்று. ஜூம் வசதியுள்ள கேமரா இருந்தால் அலகை அளக்கலாம். இல்லாவிட்டாலும் மற்ற படிகளுக்குத் தடையில்லை.

பறவையைப் பிடித்து அளக்கும் எண்ணம் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். அதோடு, பத்து கிராம்கூட இல்லாத உயிருக்குக் கை இறுக்கமே ஆபத்து. இங்கே சொல்லும் எதற்கும் தொட வேண்டிய தேவை இல்லை.

முதல் படி: கால்

பறவையின் காலில் பின்னோக்கி மடிவதாகத் தெரிவது முழங்கால் அல்ல, குதிகால். உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. குதிகாலுக்குக் கீழே இறகில்லாமல் குச்சியாகத் தெரியும் பகுதியைக் கால்தண்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளத்தை உடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கால்தண்டு நீண்டு, பறவை நடந்தால் அது தரைவாசி. நெட்டைக்காலி, வாலாட்டி, வானம்பாடி மூன்றும் இப்படி. இவை தத்துவதில்லை, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கும், ஓடும். வானம்பாடியின் பின்விரல் நகம் நீண்டு நேராக இருக்கும். புல்தரையில் கால் ஊன்றும் பரப்பை அது கூட்டுகிறது.

கால்தண்டு நீண்டு, பறவை தத்தினால் அது புதரின் கீழ்ப்பகுதியையோ புதரோரத் தரையையோ சேர்ந்தது. தையல்சிட்டும் சாம்பல் கதிர்க்குருவியும் நல்ல உதாரணங்கள். செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குத் தாவ நீண்ட கால் உந்து தருகிறது.

கால்தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் தொங்குவதை எதிர்பாருங்கள். சாம்பல் பட்டாணிக்குருவி இதற்குச் சரியான மாதிரி. தலைகீழாகத் தொங்கும்போது உடல் எடை முழுவதையும் விரல்களையும் காலையும் மடக்கும் தசைகள் தாங்குகின்றன. கால் குட்டையாக இருந்தால் உடல் கிளையை ஒட்டி நிற்கும், தசைக்குச் சுமை குறையும். நீண்ட கால் என்றால் உடல் ஊசலாடும், கொத்துகிற குறி தவறும். பட்டாணிக்குருவிக்கு இன்னொரு பயனும் உண்டு. தடித்த கம்பளிப்புழுவையோ விதையையோ கிளையில் வைத்து, காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அலகால் தட்டி உடைக்கும்.

தொங்குவதில் எடைக்கும் பங்கு உண்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு பத்து கிராமுக்கும் குறைவு. பூக்காம்பிலும் இலைநுனியிலும் தொங்கலாம். முப்பது, நாற்பது கிராம் உள்ள குண்டுக்கரிச்சான் அதே இடத்துக்குப் போனால் காம்பு வளைந்துவிடும். சிறிய உடல் இருப்பதால்தான் மரத்தின் வெளிநுனி என்ற உணவுக்களம் இச்சிறு பறவைகளுக்குக் கிடைக்கிறது.

மரத்தண்டில் ஏறும் பறவைகளில் ஒரு சோதனை செய்யலாம். மரங்கொத்திக்கு இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. விறைத்த வால் இறகுகளை மூன்றாவது காலாக ஊன்றித் தலை மேல்நோக்கியே ஏறும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காணும் பசையெடுப்பானுக்கு வால் குட்டை, அதை ஊன்றுவதில்லை. ஒரு காலை மேலே கொக்கியாக மாட்டி, மற்றதைக் கீழே தாங்கலாக வைத்து, தலைகீழாகவே தண்டில் இறங்கும். ஒரே தண்டின் பட்டை வெடிப்புகளை ஒன்று கீழிருந்தும் மற்றது மேலிருந்தும் பார்க்கிறது. இருவருக்கும் தெரியும் பூச்சிகள் வேறு.

கால் அநேகமாக இல்லாத நிலைக்கு உழவாரன்தான் எல்லை. அதன் பாதம் பனையோலையிலும் சுவரிலும் தொற்றிக்கொள்ள மட்டுமே உதவும். மாலையில் வானத்தில் சுற்றுவது உழவாரனா தகைவிலானா என்று குழம்பினால் கொஞ்சம் பொறுங்கள். மின்கம்பியில் வந்து அமர்ந்தால் அது தகைவிலான்.

இந்தப் படியில் வழக்கமாக நேரும் பிழை, உட்கார்ந்திருக்கும் பறவையின் காலைப் பார்த்து முடிவெடுப்பது. குளிர்ந்த காலையில் பறவை இறகைப் புடைத்துக்கொண்டு கால் மேல் அமர்ந்துவிடும். நெட்டைக்காலிகூடக் குட்டைக்காலாகத் தெரியும். அது அசையும்போது மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இறக்கையும் வாலும்

அமர்ந்திருக்கும் பறவையின் மடித்த இறக்கையில், முதுகை ஒட்டிய இறகுகளைத் தாண்டி நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சமே நீட்டியிருந்தால் இறக்கை குட்டை, வட்டம். அது சட்டென்று எழும்பவும் இலைகளுக்கிடையே திரும்பவும் ஏற்றது. தொலைவு பறக்க ஏற்றதல்ல. தையல்சிட்டு இப்படி. நன்றாக நீட்டி, கூராக முடிந்தால் திறந்தவெளிப் பறப்பு. தகைவிலானும் உழவாரனும் இதன் உச்சம். பறந்துகொண்டே வாயைத் திறந்து பூச்சி பிடிப்பவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் இலைக் கதிர்க்குருவிகளின் இறக்கை, நம்மூர்த் தையல்சிட்டுடையதைவிட நீண்டு கூராக இருக்கும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. அந்தக் கூர்மை அவற்றின் பயணத்தைச் சொல்கிறது. இலையில் பூச்சி பொறுக்கும் முறையைச் சொல்வதில்லை. வலசைப் பறவைக்கும் உள்ளூர்ப் பறவைக்கும் இறக்கையை ஒப்பிட்டு உணவைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

வாலிலும் இதே எச்சரிக்கை. அரசவால் ஈப்பிடிப்பான் ஆணின் நீண்ட நாடா வாலும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தையல்சிட்டுக்கு நீளும் நடு வால் இறகுகளும் துணையைக் கவர்வதற்கானவை. இரை தேடலைப் படிக்கப் பெண் பறவையின் வாலைப் பாருங்கள். விசிறிவால் ஈப்பிடிப்பான் மட்டும் வாலை நேரடியாகவே வேலைக்குப் பயன்படுத்துகிறது. கிளையில் அங்குமிங்கும் திரும்பி வாலை விரிக்கும். அசைவுக்கு மிரண்டு எழும் பூச்சியை அடுத்த நொடியில் தாவிப் பிடிக்கும்.

மூன்றாம் படி: அலகு

அலகில் நீளம், அடி ஆழம், வளைவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். அகலமும் முக்கியம்தான், ஆனால் பறவை நேரே உங்களைப் பார்க்கும்போதோ மேலிருந்து பார்க்கும்போதோதான் அது தெரியும்.

புகைப்படத்தில் அளக்க அளவுகோல் தேவையில்லை, விகிதம் போதும். பறவை துல்லியமாகப் பக்கவாட்டில் நிற்கும் படத்தைத் தேர்ந்து, திரையில் பெரிதாக்கி, சாதாரண ஸ்கேலை வைத்து மூன்று அளவுகள் எடுங்கள். முதலாவது, நெற்றி இறகு தொடங்கும் இடத்திலிருந்து அலகு நுனி வரை. இரண்டாவது, அதே நெற்றிப் புள்ளியிலிருந்து பின்தலை வரை. மூன்றாவது, நாசித் துளை உள்ள இடத்தில் அலகின் மேல்கீழ் ஆழம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் தலைக்கு ஏற்ற அலகு நீளம் கிடைக்கும். மூன்றாவதை முதலாவதால் வகுத்தால் தடிப்பு கிடைக்கும். லோட்டன் தேன்சிட்டுக்கு முதல் விகிதம் ஒன்றைத் தெளிவாகத் தாண்டும். புள்ளிச் சில்லைக்கு இரண்டாம் விகிதம் ஒன்றை நோக்கி ஏறும். தையல்சிட்டு இரண்டிலும் அந்த எல்லைகளுக்கு அருகே வராது.

ஒரே படத்தை நம்பாதீர்கள். ஒரு இனத்துக்கு ஐந்து படமாவது எடுத்துச் சராசரி பாருங்கள். தலை சற்றே உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அலகு குறுகித் தெரியும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அதன் ஒளி அலகின் ஓரத்தைத் தின்று மெலிதாக்கிவிடும். பச்சைப் பின்னணியில் எடுத்த படங்களையே அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டை விட்டுப் புதிதாக வந்த குஞ்சுகளின் அலகு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. வாயோரத்தில் மஞ்சள் சதை தெரிந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இனி இந்த வடிவங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வருவோம்.

தடித்த, குட்டையான அலகு ஒரு பாக்குவெட்டி. பொருள் கீலுக்கு அருகே இருக்க இருக்க அழுத்தம் கூடும். குட்டை அலகில் விதை எப்போதும் தாடைக் கீலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழமான அலகு அந்த அழுத்தத்தை உடையாமல் தாங்குகிறது. அகன்ற தலைக்குள் தாடையை மூடும் தசைக்கு இடம் கிடைக்கிறது. சில்லையின் தலை உடலுக்குப் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

புள்ளிச் சில்லை புல்விதை உரிப்பதை ஒரு முறையாவது இருநோக்கியில் நெருங்கிப் பாருங்கள். விதையை அலகின் பக்கத்தில் வாங்கும். நாக்கு அதை உருட்டி, மேல் அலகின் உட்புறத்தில் உள்ள பள்ளத்தில் நிறுத்தும். கீழ் அலகின் கூரான விளிம்பு உமியின் மேல் அழுந்தும், கீழ்த்தாடை சிறிதாக அசையும். உமி பிளந்து அலகோரத்தில் ஒட்டி நிற்கும், பிறகு உதிரும். பருப்பு உள்ளே போகும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். அலகோரத்தில் எப்போதும் உமித்துண்டு ஒட்டியிருந்தால், அந்தப் பறவை விதையை விழுங்கவில்லை, உரிக்கிறது என்று பொருள். புறா அப்படியே விழுங்கிவிட்டு அரைக்கும் வேலையை வயிற்றிலுள்ள அரைவைப்பைக்கு விட்டுவிடும்.

அலகு ஆழத்தில் மில்லிமீட்டருக்குள் அடங்கும் வேறுபாடும் உயிர்ப்பிரச்சினை ஆகலாம். கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் தரைக்குருவிகளை வளையமிட்டு அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் நெருஞ்சி இனத்துச் செடியின் முள்காய் முக்கியமானது; அதை உடைக்க ஆழமான அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவற்றின் அலகு, வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் கூடுதல். அந்தத் தடிப்பு குஞ்சுகளுக்கும் வந்தது.

நீண்டு வளைந்த அலகு ஆழத்தை எட்டுவதற்கு. தேன்சிட்டுகளில் மூன்றை ஒப்பிடுங்கள்: ஊதாப்பிட்டு, ஊதா, லோட்டன். லோட்டனுக்கு அலகு மிக நீளம், வளைவும் மிகுதி. நீண்ட குழாய்ப் பூவை நேரான வழியில் பயன்படுத்த அதற்கு முடியும். குட்டை அலகுள்ள மற்றவை பல நேரம் பூவின் அடியில் பக்கவாட்டில் குத்தித் தேனை எடுத்துக்கொள்ளும். செம்பருத்தியில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம்: காம்பில் அமர்ந்து, இதழ்களின் அடிப்பாகத்தில் அலகைச் செருகும். மகரந்தத் தண்டு அதன் உடலில் படவே படாது. பூவுக்கு இதில் லாபம் ஒன்றும் இல்லை. பூவின் அடியில் கீறல் தெரிந்தது என்பதற்காகத் தேன்சிட்டின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். கருவண்டுகளும் இதே இடத்தில் ஓட்டை போடும். பறவை செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு.

நீண்ட அலகு தேனுக்கு மட்டும் உரியதல்ல. பச்சைப் பஞ்சுருட்டானின் அலகும் நீண்டு லேசாக வளைந்ததுதான். அது பறக்கும் தேனீயை அலகு நுனியில் பிடிக்கிறது. கொடுக்கு முகத்தைத் தொடாத தொலைவில் நிற்கிறது. பிறகு கம்பிக்குத் திரும்பி, தேனீயை அடித்து, வயிற்று நுனியைக் கம்பியில் தேய்த்து, நஞ்சை வெளியேற்றிவிட்டே விழுங்கும்.

அடியில் அகன்று தட்டையான அலகு ஈப்பிடிப்பான்களுக்கு. இவற்றின் வாயோரத்தில் விறைத்த மயிர்கள் தெரியும். பூச்சியை வலைபோல வளைக்க இவை உதவுகின்றன என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள், இன்றும் பலர் எழுதுகிறார்கள். வேகப் படங்களில் பார்த்தபோது பூச்சி அலகு நுனியிலேயே பிடிபட்டது, மயிர்களைத் தொடவில்லை. கண்ணைத் துகள்களிலிருந்து காப்பது இவற்றின் வேலை என்ற விளக்கத்துக்குச் சோதனை ஆதரவு உண்டு.

கடைசியாக, குட்டையான நடுத்தர அலகு. வெள்ளைக்கண்ணிக்கு இருப்பது இதுதான். இதன் சிறப்பு மூடும் வலுவில் இல்லை, திறக்கும் வலுவில் இருக்கிறது. சுருண்ட இலைக்குள் மூடிய அலகைச் செருகி, உள்ளே வைத்தே அலகை விரிக்கும். இலை பிரியும், உள்ளிருக்கும் புழு அகப்படும். தொலைவிலிருந்து பார்த்தால் சாதாரணமாகக் கொத்துவதாகத்தான் தோன்றும்.

நான்காம் படி: கண்ணுக்குத் தெரியாத பகுதி

நாக்கும் வயிறும் வெளியே தெரியாதவை என்றாலும், அவை இல்லாமல் விளக்கம் முழுமையாகாது. தேன்சிட்டின் நாக்கு குழாயாகச் சுருண்டு, நுனி பிளவுபட்டிருக்கும். வெள்ளைக்கண்ணியின் நாக்கு நுனி தூரிகையாகப் பிரிந்திருக்கும்; அதனால்தான் பூச்சி, பழம், தேன் மூன்றுக்கும் அது போக முடிகிறது. விதை தின்பவற்றுக்கு அரைவைப்பை தடித்த தசையால் ஆனது. சிட்டுக்குருவியும் சில்லையும் சாலையோரத்தில் மணல் கொத்தினால் அதை உணவாகக் குறிக்காதீர்கள், அரைப்பதற்கான கல் அது.

டிக்கெல் பூங்கொத்தி இன்னொரு திசை. சுமார் 8 செ.மீ. நீளமே உள்ள இது, மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பழத்தை நம்பி வாழ்கிறது. மென்மையான சதையை அரைக்க வலுத்த வயிறு வேண்டியதில்லை, விதை விரைவாகவே வெளியேறும். ஆனால் விதையின் பசை போகாது. பறவை உடலின் பின்பகுதியைக் கிளையில் தேய்த்தால்தான் அது விடுபடும். விதை ஒட்டிய இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். மாந்தோட்டக்காரருக்கு இது தொல்லைதான், பூங்கொத்திக்கு அது அடுத்த தலைமுறையின் உணவு.

ஐந்தாம் படி: பார்த்துச் சரிபார்த்தல்

உடலை வைத்து ஊகித்ததை எழுதிவைத்துவிட்டு, அது சரியா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் நேரம், இனம், ஆணா பெண்ணா, எந்தச் செடி, தரையிலிருந்து உயரம், எதன் மேல் (இலை, கிளை, பட்டை, பூ, தரை, காற்று), என்ன அசைவு, என்ன இரை என்ற பத்திகள் போதும். அசைவுக்குக் குறுஞ்சொற்களை முன்பே முடிவு செய்யுங்கள்: அமர்ந்தபடி பொறுக்கல், எட்டிக் கொத்தல், தொங்கல், பாய்ந்து பிடித்தல், அந்தரத்தில் நிற்றல், துருவல், விரித்துத் திறத்தல், தட்டல். உயரத்துக்கு 2 மீட்டர் கம்பை மரத்தடியில் சாய்த்து வைத்து, அதன் மடங்குகளாக மதிப்பிடுங்கள். வெறும் கண் மதிப்பு பத்து மீட்டருக்கு மேல் பெரிதும் தவறும்.

பறவை கண்ணில் பட்டவுடன் குறிக்கக் கூடாது. ஐந்து நொடி எண்ணி, அதன் பிறகு செய்யும் முதல் இரை முயற்சியை மட்டும் எழுதுங்கள். காரணம் இருக்கிறது: பாய்ந்து பிடிக்கும் பறவை உடனே கண்ணில் படும், இலைக்குள் அமைதியாகப் பொறுக்குவது படாது. காத்திருக்காமல் எழுதினால் உங்கள் பட்டியலில் பாய்ச்சல்களே நிரம்பும். ஒரே பறவையிடம் அடுத்தடுத்துப் பத்துக் குறிப்பு எடுப்பதும் பயனற்றது. ஒரு புழு கிடைத்த கிளையிலேயே அது மேலும் தேடும், எல்லாக் குறிப்பும் ஒரே குறிப்பின் நகலாகிவிடும். ஒன்று எடுத்துவிட்டு வேறு பறவைக்கு நகருங்கள், அல்லது சில நிமிடம் கழித்துத் திரும்புங்கள். ஒரு இனத்துக்கு 30 தனிக் குறிப்புக்குக் குறைவாக இருந்தால் விகிதம் பேச வேண்டாம். காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6 என இரு வேளையும் கலந்து எடுங்கள்.

ஊகமும் பார்வையும் ஒட்டாத இடங்களில்

முரண்பாடு வந்தால் முதலில் பருவத்தைப் பாருங்கள். சிட்டுக்குருவியின் அலகு விதைக்கானது, ஆனால் குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தாய் தந்தை இரண்டும் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். வளர்வதற்கான புரதம் தானியத்தில் போதாது. தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிலந்தியும் சிறு பூச்சியும் கொண்டுவரும். பூ குறைந்த மாதங்களில் வளர்ந்த தேன்சிட்டும் இலையில் பூச்சி தேடும். உடல் எதைத் திறமையாகச் செய்ய முடியும் என்பதையே வடிவம் காட்டுகிறது. மலிவாக எது கிடைத்தாலும் பறவை அதையும் எடுத்துக்கொள்ளும். வடிவத்தின் உண்மையான முக்கியத்துவம் உணவு அரிதாகும் காலத்தில்தான் தெரியும். 1977-இல் டாஃப்னே மேஜரில் நடந்ததும் அதுதான். ஆகவே உங்கள் குறிப்புகளில் கோடையையும் மழைக்காலத்தையும் ஒரே கூட்டலில் சேர்க்காதீர்கள்.

தொடங்குகிறவருக்கு நல்ல இணை: ஒரே முருங்கை மரத்தில் வரும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை, இரண்டும் தொங்கும், இரண்டும் பூவுக்கு வரும். வெள்ளைக்கண்ணி இல்லாத ஊரில் தையல்சிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு 30 குறிப்பு சேர்ந்ததும் பூ, இலை, கிளை என்று எண்ணிக்கையைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தொங்கியபடி எடுத்தவை எத்தனை என்று தனியாகக் கூட்டுங்கள். அலகு விகிதங்களைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதே மரத்தில் பூ உதிர்ந்த மாதத்தில் இன்னொரு 30 எடுத்து, எந்தப் பறவையின் எண்கள் அதிகம் மாறியிருக்கின்றன என்று ஒப்பிடுங்கள்.